உங்க ‘ஒரு லட்சம்’ எது?

ஒரு சின்ன க்விஸ், ஃப்ரெண்ட்ஸ். செல்போனைத் தொடாம பதில் சொல்லணும்.

ஒரே ஒரு சினிமாவில் நடிக்க ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கி இந்தியாவையே வாய் பிளக்க வெச்ச முதல் நட்சத்திரம் யார்?

எம்.ஜி.ஆர்? ம்ஹூம். சிவாஜி? அப்போ அவர் சின்னப் பையன். தியாகராஜ பாகவதர்? கிட்ட வந்துட்டீங்க, ஆனா இல்லை.

பதில்... ஒரு பொண்ணு. வருஷம் 1935. வயசு இருபத்தாறு, இருபத்தேழுதான் இருக்கும். அதுவும் ஹீரோயினா நடிக்க இல்லை. ஆம்பளையா நடிக்க!

‘திருவிளையாடல்’ படத்துல நெற்றி நிறையத் திருநீறோட, கையில கோலோட ஒரு அவ்வைப்பாட்டி வந்து, கோவிச்சுக்கிட்டுப் போன முருகனைச் சமாதானம் பண்ணுவாங்களே... அவங்களேதான். கே.பி.சுந்தராம்பாள். நம்மில் பலருக்கு அவங்க பிறக்கும்போதே பாட்டியா பிறந்தவங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒரு செமினார் என்னை மாட்டிவிடற வரைக்கும்.

நான் கடலூர் ஓ.டி. பொண்ணு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்சப்போ தினமும் துறைமுகம் ஜங்ஷன்ல பாசஞ்சர் ஏறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளைன்னு தூங்கி வழிஞ்சு, சிதம்பரத்துல யாராவது எழுப்பிவிட்டா இறங்குற ஜாதி. எங்க செட்டுக்கு அப்போ பழைய ஹாலிவுட் கிறுக்கு. ஒருத்தியோட லேப்டாப்ல பிளாக் அண்ட் ஒயிட் படமா ஓடும். அதனால, ‘அந்தக் கால நட்சத்திரம் ஒருவர்’னு செமினார் தலைப்பு வந்ததும் நான் துண்டு போட்டுப் பிடிச்சது மெர்ல் ஓபரான்.

மெர்ல் யாருன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷ ட்ரெய்லர். 1911-ல் பம்பாயில் பிறந்தவர். கல்கத்தாவில் வளர்ந்தவர். ஹாலிவுட் போய், 1935-ல் வந்த ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போனவர். ஆனா உலகத்துக்கிட்ட சொன்னது என்ன தெரியுமா? “நான் ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியாக்காரி.” இந்திய ரத்தம்னு தெரிஞ்சா அந்தக் காலத்து ஹாலிவுட்டில் ஹீரோயின் சான்ஸ் காலி. அதனால ஊரை மறைச்சார். மேக்கப்பாலும் லைட்டாலும் நிறத்தை மறைச்சார். தன்னை வளர்த்த, இலங்கையில் பிறந்த அம்மாவையே வீட்டு வேலைக்காரின்னு மத்தவங்க நினைக்கும்படி வெச்சிருந்தார். 1979-ல் சாகும்வரை அந்த ரகசியத்தை உடைக்கலை. ஜெயிச்சார். ஆனா அதுக்குத் தன்னையே அழிச்சு வேற ஒருத்தியா எழுதிக்க வேண்டியிருந்தது.

செமினார் முடிஞ்சு கைதட்டலும் வாங்கியாச்சு. எங்க மேடம் மெதுவா ஒரு கேள்வி போட்டாங்க. “நல்லாயிருந்துச்சும்மா. அதே 1935-ல, நம்ம சிதம்பரத்துக் கதையில ஒரு பொண்ணு நடிச்சாங்க. அவங்க எதையும் மறைக்கலை. அது யாருன்னு தெரியுமா?”

நான் திருதிருன்னு முழிச்சேன். வகுப்பே சிரிச்சது. அவமானம் தாங்காம நேரா லைப்ரரிக்குப் போனேன். அங்கேதான் சுந்தராம்பாள் பாட்டியா இல்லாம, ஒரு சின்னப் பொண்ணா எனக்கு அறிமுகம் ஆனாங்க.

ரயிலில் பாடின குழந்தை

1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். கடுமையான வறுமை. சின்ன வயசில் ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கார். (தினமும் பாசஞ்சரில் பாடிக்கிட்டு வர்றவங்களைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிற எனக்கு, இந்த வரியைப் படிச்சதும் சுருக்குன்னுச்சு.) அந்தக் குரல்தான் அவரை நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியில் அழுகிற பிள்ளையா நின்னார். பசி அவருக்குத் தெரிஞ்ச சப்ஜெக்ட்தானே?

அது மைக் இல்லாத காலம். விடிய விடிய நாடகம். கடைசி வரிசையில் துண்டை விரிச்சுப் படுத்திருக்கிறவன் காதுலயும் பாட்டு விழணும். இல்லேன்னா ஆள் அவுட். அந்த மேடையில் சுந்தராம்பாள் தனி ராஜ்ஜியம் நடத்தினார். 1926-ல் கொழும்பில் அவரோட ஜோடி சேர்ந்து நடிக்க வந்தவர், செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. அவரும் குரலில் ராட்சசன். ‘கிட்டப்பா - சுந்தராம்பாள் நாடகம்’னு நோட்டீஸ் ஒட்டினா கூட்டத்தை அடக்க முடியாதாம்.

மேடையில் ஆரம்பிச்சது 1927-ல் கல்யாணத்தில் முடிஞ்சது. ஆனா கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. குடும்பத்தில் புகைச்சல், பிரிவு, கிட்டப்பாவுக்குக் குடி. பிறந்த குழந்தையும் தங்கலை. 1933 டிசம்பரில் கிட்டப்பா செத்துப்போனார். அவருக்கு வயசு 27. சுந்தராம்பாளுக்கு 25.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. பி.ஜி. முடிச்சிட்டு மேல படிக்கிற அக்கா வயசு அது. அந்த வயசில் வெள்ளைச் சேலை. நகை, பூ எல்லாத்துக்கும் கும்பிடு. மேடையையும் விட்டு ஒதுங்கிட்டார். இனிமே எந்த ஆணோடும் ஜோடியா நடிக்கிறதில்லைங்கறதும் முடிவு.

முடியாதுங்கறதுக்கு ஒரு விலை

கதை இதோட முடிஞ்சிருந்தா, கொடுமுடியில் ஒரு வீட்டுக் கூடத்து மூலையோட போயிருக்கும். ஆனா அசன்தாஸ்னு ஒரு தயாரிப்பாளர் விடாம துரத்தினார். நந்தனார் கதையைச் சினிமா எடுக்கணும், நந்தனாரா நீங்கதான் நடிக்கணும். சுந்தராம்பாளுக்கு இஷ்டமில்லை. ஆள் தொல்லை தீரட்டும்னு, யாரும் கொடுக்கவே முடியாத ஒரு தொகையைக் கேட்டாராம். ஒரு லட்சம்!

அப்போ பவுன் விலை முப்பது ரூபாய்கூட இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்க... மூவாயிரம் பவுனுக்கு மேல வருது.

அசன்தாஸ் “சரி”ன்னுட்டார்!

படத்தில் பண்ணையார் வேதியரா வந்தது பெரிய சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். டைரக்டர் மாணிக் லால் டாண்டன், அமெரிக்காவில் சினிமா படிச்சவர். ஷூட்டிங், மெர்ல் வளர்ந்த அதே கல்கத்தாவில். டாண்டன் கூடப் படிச்சு, அவரோடவே கப்பலேறி வந்த அமெரிக்கர் எல்லிஸ் ஆர்.டங்கன் சில காட்சிகளை எடுத்துக் கொடுத்தார். பின்னாடி எம்.எஸ்.சுப்புலட்சுமியை வெச்சு ‘மீரா’ எடுத்தாரே, அவர்தான். விகடனில் கல்கி, மனுஷங்களைவிட மரமும் மாடும் தேவலைங்கற மாதிரி படத்தைக் கிண்டலடிச்சு எழுதினார். அதனாலென்ன? சம்பளம் சம்பளம்தானே!

என்னை அசத்தினது சம்பளம்கூட இல்லை, ரோல்தான். நந்தனார் யாரு? காட்டுமன்னார்கோயில் பக்கம் ஆதனூர்க்காரர். தீண்டாமையால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். ‘தில்லைக்கு நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்’னு சொல்லிச் சொல்லியே ‘திருநாளைப்போவார்’னு பேர் வாங்கினவர். கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதின கதையில், பண்ணையார்கிட்ட பர்மிஷன் கேட்டுக் கேட்டுக் கெஞ்சறவர். கடைசியில் நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக முடிஞ்சுதுன்னு புராணம். அந்த இடம்னு சொல்ற ஓமக்குளத்துல, 1916-ல் சுவாமி சகஜானந்தா நந்தனார் பேரால் கல்விக் கழகம் ஆரம்பிச்சார். நெருப்புக்குப் பதிலா பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் எத்தனை தடவை போயிருப்பேன்? பஸ் ஸ்டாப் பேரா மட்டும்தான் எனக்கு அது தெரியும்.

நாலு பேர் முன்னாடி வரக்கூடாது, சிரிக்கக்கூடாதுன்னு ஒரு விதவையை வாசலுக்கு உள்ளே நிறுத்தி வைக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஒரு பொண்ணு, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு ஆளா வேஷம் கட்டி நிக்கிறாங்க. யோசிச்சுப் பாருங்க. எனக்குப் புல்லரிச்சுது.

அதுக்கப்புறமும் அவங்க ரூட் தனி ரூட். 1940-ல் ‘மணிமேகலை’, துறவி. 1953-ல் வாசனின் ஜெமினி எடுத்த ‘அவ்வையார்’. கல்யாணம் வேண்டாம்னு பிள்ளையாரை வேண்டி இளமையையே உதறின கிழவி. 1964-ல் ‘பூம்புகார்’, கவுந்தியடிகள். அதில் கடவுளைக் கேள்வி கேட்கிற ஒரு வரியைப் பாட மாட்டேன்னு அவர் சொல்ல, கலைஞர் வரியை மாற்றிக் கொடுத்தார்ங்கறது கோடம்பாக்கத்தில் பிரபலமான கதை. 1969-ல் ‘துணைவன்’ படப் பாட்டுக்கு தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ. நடுவில் காங்கிரஸ் மேடைகள், சட்ட மேலவை உறுப்பினர் பதவி. சட்டசபைப் படியேறின முதல் இந்திய சினிமாக் கலைஞர்ங்கற பேர் வேற. 1980-ல் காலமாகும்வரை அந்த வெள்ளைச் சேலையும் திருநீறும் மாறலை. எந்தப் படத்திலும் ஜோடி இல்லை. டூயட் இல்லை. ஆனா ஸ்டார்!

இவ்வளவையும் நோட்ஸ் எடுத்துக்கிட்டு, சாயங்கால ரயிலைப் பிடிச்சு வீட்டுக்கு ஓடினேன். இதைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இருந்தாங்க.

தையல் மெஷின் சத்தம்

எங்க அத்தை. அப்பாவோட தங்கச்சி. மாமா லாரி டிரைவர். ஒரு மழை ராத்திரி லோடு ஏத்திக்கிட்டுப் போனவர், திரும்பி வரலை. அத்தைக்கு அப்போ இருபத்தாறு. ஒரு தகரப்பெட்டி, ஒரு தையல் மெஷினோட எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க.

அத்தை பாடினா தெரு நிக்கும்னு அப்பா சொல்வார். மார்கழி மாசம் கோயில் பஜனையில் முதல் குரல் அவங்களுதுதான். மாமா போன வருஷமும் வழக்கம்போலப் போய் நின்னிருக்காங்க. “இவளுக்கு இன்னாத்துக்கு இப்ப பாட்டு?”ன்னு பின்னாடியிருந்து யாரோ சொன்னாங்களாம். சொன்னது யாருன்னுகூட அவங்க திரும்பிப் பார்க்கலை. அன்னியோட சரி.

ஆனா எனக்கு ஒரு ரகசியம் தெரியும். வீட்டில் யாரும் இல்லேன்னு நினைச்சா அத்தை பாடுவாங்க. மெஷினை வேகமா மிதிப்பாங்க, சத்தத்துக்கு அடியில பாட்டு ஓடும். நான் செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டதும் பாட்டு நிக்கும். மெஷின் மட்டும் ஓடும்.

அன்னிக்கு மூச்சுவிடாம சுந்தராம்பாள் கதை முழுக்கச் சொன்னேன். இருபத்தஞ்சு வயசு, வெள்ளைச் சேலை, நந்தனார், ஒரு லட்சம். “பார்த்தீங்களா அத்தை? நீங்களும் பாடுங்க!”ன்னு முடிச்சேன். டி.வி. ஷோ மாதிரி அவங்க கண் கலங்கும்னு எதிர்பார்த்தேன்.

அத்தை பல்லால் நூலைக் கடிச்சு அறுத்தாங்க.

“எல்லாம் தெரியும்டி. எங்கம்மா சொல்லும். அந்தம்மாவுக்கு வாசல்ல ஒருத்தர் வந்து நின்னாரு. வெலை சொன்னாங்க. என் வாசல்ல எவன் நிக்கிறான்? கேட்டாத்தானடி வெலை சொல்ல முடியும்?”

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்தது வந்துச்சு.

“அவங்க பாடாதன்னாங்க. நீ பாடுங்கற. ரெண்டு பேருமே உனக்கு இன்னா வேணும்னு என்னைக் கேக்கல.”

அவ்வளவுதான். மெஷின் மறுபடி ஓட ஆரம்பிச்சுது.

ஃப்ரெண்ட்ஸ், எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. எவ்வளவு சுலபமா ஒரு நட்சத்திரத்தோட கதையை எடுத்து, சாதாரண ஒரு பொம்பளை தலையில கட்டப் பார்த்தேன்! சுந்தராம்பாளுக்கு நாடெங்கும் ரசிகர் கூட்டம் இருந்தது, இசைத்தட்டு இருந்தது. தெருமுனைக் கோயிலில் பாடுற அத்தைக்கு என்ன இருக்கு? இன்னொண்ணும் புரிஞ்சுது. சுந்தராம்பாளின் வெள்ளைச் சேலையைப் பார்த்து “ஐயோ பாவம்”னு நான் முடிவு பண்ணதும் தப்பு, “புரட்சி”ன்னு முடிவு பண்ணதும் தப்பு. அது அவங்க முடிவு. மதிக்க வேண்டியது சேலையை இல்லை. நிபந்தனையை அவங்களே போட்டாங்களே, அதை!

அப்புறம் நான் அத்தைகிட்ட பாட்டுப் பேச்சே எடுக்கலை. வீட்டுக்குள் வரும்போது செருப்பைத் தெருவிலேயே சத்தமில்லாம கழட்ட மட்டும் கத்துக்கிட்டேன்.

“என்னைக் கேளுங்கண்ணே”

ஏழெட்டு மாசம் போயிருக்கும். எங்க தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழா. பாட வேண்டிய குழு கடைசி நேரத்தில் கழண்டுக்கிச்சு. கமிட்டிக்காரர் ஒருத்தர் எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாகிட்ட ஆரம்பிச்சார்.

“உங்க தங்கச்சி முன்னாடி நல்லா பாடுமே... ரெண்டு பாட்டு பாடச் சொல்லுங்களேன். ஒரு சேலை எடுத்துக் குடுத்துடலாம்.”

அப்பா “அதுக்கென்ன...”ன்னு இழுக்கும்போதே உள்ளே மெஷின் நின்னுச்சு.

“என்னைக் கேளுங்கண்ணே.”

அத்தை நிலைப்படிக்கு வந்து நின்னாங்க. குரல் உசரலை. “ஐநூறு ரூபா குடுங்க. சேலை வேணாம். நோட்டீஸ்ல என் பேரு வரணும். தூணுக்குப் பின்னாடில்லாம் நிக்க மாட்டேன்.”

கமிட்டிக்காரர் சிரிச்சார். “அம்மனுக்குப் பாடறதுக்குக் காசாம்மா?”

“நாயனக்காரருக்குக் குடுக்குறீங்க. சீரியல் செட்டுக்காரருக்குக் குடுக்குறீங்க. ஜெனரேட்டருக்குக்கூடக் குடுக்குறீங்க. அதுவும் அம்மனுக்குத்தானண்ணே ஓடுது?”

எனக்கு விசில் அடிக்கணும்போல இருந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

சினிமாவா இருந்தா அவர் அப்பவே ஐநூறை எடுத்து நீட்டியிருப்பார். இது கடலூர். அவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டார். அந்த வருஷம் அம்மனுக்கு சி.டி. பிளேயர்தான் பாடுச்சு. அம்மாகூட, “கெடைச்ச சான்ஸையும் கெடுத்துக்கினியே”ன்னு அத்தையைத் திட்டினாங்க. அத்தை ஒண்ணும் சொல்லலை. ஆனா அன்னியிலேருந்து ஒரு வித்தியாசம். நான் செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டும் பாட்டு நிக்கலை.

அடுத்த வருஷம் ஆடி மாசம் அதே மனுஷர் வந்தார். இந்தத் தடவை திண்ணையில் உட்காரலை. நேரா நிலைப்படிகிட்ட வந்து, “ஏம்மா, உன்கிட்டதான் வந்தேன்”னார். கையில் நோட்டீஸ் புரூஃப். கீழே மூணாவது வரியில் அத்தை பேர். அச்சுப்பிழையோடதான்! அத்தை பேனா கேட்டு அதைத் திருத்திக் கொடுத்தாங்க.

அன்னிக்கு ராத்திரி முதல் பாட்டின் முதல் வரியில் அத்தைக்குக் குரல் உடைஞ்சுது. கூட்டத்தில் சலசலப்பு. நான் நகத்தைக் கடிச்சேன். அத்தை நிறுத்தினாங்க, சொம்புத் தண்ணியைக் குடிச்சாங்க, ஆர்மோனியக்காரரைப் பார்த்து, “அரைக்கட்டை கொறைங்க”ன்னாங்க. மறுபடி ஆரம்பிச்சாங்க. தெரு நின்னுச்சு.

அந்த ஐநூறை என்ன பண்ணாங்கன்னு கேட்கறீங்களா? அவங்க பணம், நான் கேட்கலை.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கலாம்னுதான் இவ்வளவும் சொன்னேன். நம்மகிட்ட யாராவது எதையாவது கேட்டா ரெண்டே பதில்தான் இருக்குன்னு நினைக்கிறோம். ‘சரி’ அல்லது ‘முடியாது’. பொண்ணு பார்க்க வர்றாங்க, சரியா முடியாதா? இந்த குரூப்பை எடு, சரியா முடியாதா? கம்பெனிக்காரன் பாண்டு பேப்பரை நீட்டறான், சரியா முடியாதா? நடுவில் மூணாவதா ஒரு பதில் இருக்கு. ‘இப்படின்னா சரி.’ அது கிடைக்காமலும் போகலாம். ஒரு வருஷம் சி.டி. பிளேயர் பாடலாம். கேட்கிறவர் துண்டை உதறிட்டுப் போகலாம். ஆனா விலையைச் சொன்ன அந்த நிமிஷத்திலேருந்து, மத்தவங்க நம்மைத் திண்ணையில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

எங்க வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கறதா பேச்சு வந்தப்போ, “பி.எட். முடிக்கணும், வேலைக்குப் போகணும், இதுக்கு ஒத்துக்கிற வீடுன்னா பாருங்க”ன்னு நானும் நிலைப்படியில் நின்னு சொன்னேன். கால் நடுங்குச்சு. உள்ளேயிருந்து மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கூடவே பாட்டும்.

சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்... உங்க ‘ஒரு லட்சம்’ எது?